கடற்கரை வீடு, மணல்மேடு, ஈஸ்மென்ட் பத்திரம்: கையெழுத்து போடறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

நம்ம ஊர் பத்திரம் படிச்சுப் பழகுனவங்களுக்கு இது சட்டுனு புரிஞ்சிடும். "மேற்படி சொத்தில் வடபுறம் மாமூல் வண்டிப்பாட்டை பாத்தியதை உண்டு"ன்னு ஒரு வரி வரும்ல. நிலம் உங்களோடது, பட்டா உங்க பேர்ல, வரி கட்றதும் நீங்க, ஆனா பின்னாடி தோட்டத்துக்காரர் வண்டி அது வழியா போகும், நீங்க வேலி போட்டு மறிக்க முடியாது. நியூ ஜெர்சி கடற்கரையில முதல் வரிசை வீடு வச்சிருக்கிறவங்க கிட்ட டவுன்காரங்க நீட்டுற மணல்மேட்டு ஈஸ்மென்ட்டும் (புயல் அலையைத் தடுக்க உங்க நிலத்துல மணல்மேடு போடற உரிமையை எழுதிக் குடுக்கற பத்திரம்) அதே ரகம்தான். வண்டின்னா வந்துட்டு போயிடும், இங்க வர்றது மணல், வந்தா அங்கயே உக்காந்துக்கும்.

நான் வக்கீல் இல்ல, முதல்லயே சொல்லிடறேன். என் மச்சான் லாங் பீச் ஐலண்ட்ல கடலைப் பாத்த மாதிரி ஒரு பழைய வீடு வாங்கிப் போட்டிருந்தாப்ல, சாண்டி புயல் அடிச்ச அடுத்த வருஷம் டவுன்ல இருந்து ஒரு தடி கவர் வந்துச்சு. எடிசன்ல எங்க வீட்டு டைனிங் டேபிள்ல ரெண்டு பேரும் உக்காந்து ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் அதை வரிவரியா படிச்சோம், அப்புறம் நிஜ வக்கீல் ஒருத்தர் கிட்ட போனோம். அதுக்கப்புறம் தெரிஞ்சவங்க ரெண்டு மூணு பேருக்கும் இதே வேலைதான். ஒவ்வொரு தடவையும் அதே கேள்விங்க வருது, அதான் ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு.

முதல்ல, ஏன் எல்லார் கையெழுத்தும் வேணும்னு அடம் பிடிக்கிறாங்க? சாண்டி 2012 அக்டோபர் 29 ராத்திரி பிரிகன்டைன் பக்கம் கரை ஏறுச்சு. சீசைடு ஹைட்ஸ்ல ரோலர் கோஸ்டர் கடலுக்குள்ள நிக்கிற போட்டோ நிறைய பேர் பாத்திருப்பீங்க. அதுக்குக் கொஞ்சம் வடக்க மண்டலோக்கிங்ல பாலம் இறங்குற இடத்துலயே கடல் தரையை அறுத்துக்கிட்டு அந்தப் பக்கத்து உப்பங்கழித் தண்ணியோட போய் சேந்துடுச்சு. ஆனா லாங் பீச் ஐலண்ட்ல சர்ஃப் சிட்டி, ஹார்வி சீடர்ஸ் மாதிரி ஏற்கனவே ஆர்மி கோர் ஆஃப் இன்ஜினியர்ஸ் (அமெரிக்க ராணுவத்தோட இன்ஜினியரிங் பிரிவு) மேடு போட்டிருந்த ஊர்கள்ல மேடு கரைஞ்சுதே தவிர பின்னாடி வீடுங்க பெருசா அடி வாங்கல, அதே தீவுல மேடு போடாத ஹோல்கேட் பக்கம் செம அடி. ஒரே தீவு, ஒரே ராத்திரி. அதைப் பாத்துட்டு வந்தவங்களுக்கு மேடு வேணுமா வேணாமான்னு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல.

நம்ம கண்மாய்க் கரையை நெனச்சுக்குங்க. ரெண்டு கிலோமீட்டர் கரை பலமா இருந்து நடுவுல பத்தடி பள்ளமா இருந்தா தண்ணி அந்தப் பத்தடியிலதான் பாயும், அதுவும் சும்மா பாயாது, ரெண்டு பக்கத்துக் கரையையும் சேத்து அரிச்சுட்டுப் போகும். நீங்க ஒருத்தர் மட்டும் எனக்கு வேணாம்னு சொன்னா உங்க வீட்டுக்கு மட்டும் ஆபத்துன்னு இல்ல, பக்கத்து வீட்டுக்காரருக்கும்தான். அதனாலதான் இந்த விஷயத்துல அண்டை வீட்டுக்காரங்க கவர்மென்ட்டை விட அதிகமா கோவப்படுவாங்க. எங்க மச்சான் தெருவுல கையெழுத்து போடாதவங்க லிஸ்ட் வாய்வழியாவே சுத்துச்சு, கடைசியா போட்டவரை ரெண்டு சம்மர் யாரும் பார்பிக்யூக்கு கூப்பிடல.

சரி, பத்திரத்துக்கு வருவோம். இதுல ஆர்மி கோர் வச்சிருக்கிற ஒரு ஸ்டாண்டர்டு வாசகம் இருக்கு, நியூ ஜெர்சி பத்திரம் அதை ஒட்டித்தான் இருக்கும். ஒரு பென்சில் எடுத்து அதுல என்னென்ன "செய்ய" உரிமை கேக்கறாங்கன்னு ஒவ்வொரு சொல்லா அடிக்கோடு போடுங்க. கட்ட, காப்பாத்த, ரோந்து போக, பராமரிக்க, ரிப்பேர் பண்ண, திரும்பக் கட்ட, மணல் கொட்ட, தரையோட மட்டத்தையே மாத்த, மெஷின் கொண்டாந்து நிறுத்த, தற்காலிகமா கொட்டகை போட, புல்லு நட, மணல் வேலி போட, குறுக்க இருக்கிற மரம் புதர் தடுப்பு எல்லாத்தையும் வெட்டி எடுக்க. அது கூடவே பொதுமக்கள் உபயோகிக்கிற உரிமையும். நாங்க எண்ணிப் பாத்தோம், இருபதுக்கும் மேல வந்துச்சு. உங்களுக்குன்னு மிச்சம் வைக்கிறது ரெண்டே ரெண்டு. ஒண்ணு, மேட்டைத் தாண்டிப் போக மரப்பாலம் மாதிரி ஒரு நடைபாதை கட்டிக்கலாம், ஆனா பிளானை முன்கூட்டியே காட்டி அப்ரூவல் வாங்கணும், மேட்டோட உருவம் கெடக்கூடாது. இன்னொண்ணு, அவங்க வேலைக்கு இடைஞ்சல் இல்லாம மத்தபடி நிலத்தை நீங்க அனுபவிச்சுக்கலாம்.

காலம் எவ்ளோ? பெர்பெச்சுவல். கல்வெட்டுல "சந்திராதித்தவற்"னு போடுவாங்கல்ல, சூரியனும் சந்திரனும் இருக்கிற வரைக்கும். வீட்டை வித்தாலும் பத்திரம் நிலத்தோடயே போகும். ஆனா திரும்பத் திரும்ப மணல் போட்டே தீருவோம்னு அவங்க பக்கத்துல இருந்து ஒரு வரியாவது இருக்கான்னு தேடிப் பாருங்க, இருக்காது. லாங் பீச் ஐலண்ட் ப்ராஜெக்ட் 50 வருஷத்துக்குன்னு போட்டது, ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை மணல் நிரப்பறதுன்னு கணக்கு. ஆனா அந்தந்த வருஷம் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், காசு ஒதுக்கினாத்தான் உண்டு. 2025-ல ஒண்ணும் ஒதுக்கல, 1996க்கு அப்புறம் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. நீங்க குடுக்கறது நிரந்தரம், அவங்க குடுக்கறது பட்ஜெட் இருந்தா. இது தெரிஞ்சும் நான் கையெழுத்து போடச் சொல்லித்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன், ஏன்னு பின்னாடி சொல்றேன்.

வதந்தி ஒண்ணு அப்பவே பலமா ஓடுச்சு, மேடு போடற சாக்குல போர்டுவாக் (கடலோர மரப்பலகை நடைபாதை) கட்டிடுவாங்க, பாத்ரூம் கட்டிடுவாங்க, ஹாட் டாக் கடை வந்துடும்னு. இது முழுக்க முழுக்க வெத்துப் பயம்னும் சொல்ல மாட்டேன், பொது உபயோகம்ங்கிற வார்த்தை பத்திரத்துல இருக்கு இல்லையா. அதனால சில டவுன்கள் நாங்க அந்த மாதிரி எதையும் கட்ட மாட்டோம்னு தீர்மானமோ ஆர்டினன்ஸோ (உள்ளூர்ச் சட்டம்) போட்டுக் குடுத்தாங்க. உங்க டவுன் அப்படி ஏதாவது போட்டிருக்கான்னு டவுன் கிளார்க் கிட்ட கேட்டு காப்பி வாங்கி பத்திரத்தோட வச்சுக்குங்க. வாய்ல சொன்னதை நம்பாதீங்க.

இன்னொரு பயம், ஊர்ல இருக்கிறவன் எல்லாம் வந்து என் கொல்லைப்பக்கம் துண்டு விரிப்பான்னு. இதுல நியூ ஜெர்சி சட்டம் ஏற்கனவே எங்கயோ போயாச்சு. சராசரி உயர் அலைக்கோட்டுக்குக் கீழ இருக்கிற ஈர மணல் எப்பவுமே அரசாங்கத்தோடது. அதுக்கு மேல இருக்கிற காஞ்ச மணல்லயும் மக்களுக்கு உரிமை உண்டுன்னு 1984-ல பே ஹெட்ங்கிற ஊர் சம்பந்தப்பட்ட வழக்குலயும் மறுபடி 2005-லயும் மாநில சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. தவிர, ஈஸ்மென்ட் உங்க முழு மனைக்கும் கிடையாது, பத்திரத்துல அளந்து சொன்ன துண்டுக்கு மட்டும்தான். அந்தத் துண்டுலயும் மேட்டு மேல யாரும் ஏறக்கூடாது. யாரும்னா நீங்களும்தான்.

அதனால பணம், பயம், பாலிடிக்ஸ் எல்லாத்தையும் ஓரமா வச்சுட்டு, ஈஸ்மென்ட் எல்லைக்கோடு எங்க போகுதுன்னு பாருங்க. இந்தப் பதிவுல ஒரே ஒரு விஷயம் நீங்க எடுத்துக்கிட்டா அது இதுவா இருக்கட்டும். பத்திரத்துக்குப் பின்னாடி ஒரு சர்வே படமோ அளவு விவரமோ இருக்கும், பத்துல எட்டு பேர் அதைப் புரட்டக்கூட மாட்டாங்க. மச்சான் படத்துல ஒரு புள்ளிக்கோடு, தெருப்பக்கம் இருந்து ஸ்கேல் வச்சு அளந்தா அது டெக்கை (வீட்டை ஒட்டின மரத்தளம்) தொடாம போயிடுச்சு, ஆனா டெக்ல இருந்து இறங்குற படிக்கட்டோட கடைசி மூணு படி கோட்டுக்கு அந்தப் பக்கம். பென்சில் முனை தடிமன்தான் இருக்கும் அந்த மூணு படி. மச்சான் "விடு மாமா, மூணு படிதானே"ன்னாப்ல. நான் விடல. கேட்டு எழுதி வாங்காம இருந்திருந்தா அது குறுக்க இருக்கிற தடுப்புதான், வெட்டி எடுக்கற லிஸ்ட்ல வந்திருக்கும்.

மேடு எவ்ளோ இடம் பிடிக்கும்னு நீங்களே கணக்கு போடலாம், கஷ்டமில்ல. லாங் பீச் ஐலண்ட் டிசைன்ல மேட்டு உச்சி 22 அடி, உச்சியில தட்டையா 30 அடி அகலம், ரெண்டு பக்கமும் ஒண்ணுக்கு அஞ்சு சரிவு, அதாவது ஓரடி இறங்க அஞ்சடி தள்ளிப் போகணும். முன்னாடி பீச் மட்டம் 8 அடி. அப்போ கடல் பக்கம் 14 அடி இறங்கணும், 70 அடி நீளம். வீட்டுப் பக்கம் உங்க தரை 12 அடி மட்டத்துல இருந்தா 10 அடி இறங்கணும், 50 அடி. மொத்தம் 150 அடி. இதுல எவ்ளோ உங்க மனைக்குள்ள விழுதுன்னு சர்வே படத்துல குறிச்சுப் பாருங்க.

இங்க எல்லாரும் தடுமாறுற இடம் ஒண்ணு. 22 அடின்னா உங்க வீட்டு வாசல்ல இருந்து 22 அடி இல்ல. அது என்ஏவிடி 88னு ஒரு பொது மட்டத்துல இருந்து அளக்கறது, ஏறக்குறைய கடல்மட்டம்னு வச்சுக்கலாம். மேல சொன்ன உதாரணத்துல உங்க கண்ணுக்கு மேடு பத்தடிதான். டெக் எந்த மட்டத்துல இருக்குன்னு உங்க எலிவேஷன் சர்டிபிகேட்டை (வீடு எந்த மட்டத்துல இருக்குன்னு சொல்ற சான்றிதழ்) வச்சு கணக்கு பண்ணிட்டு, டெக்ல சேர் போட்டு உக்காந்தா கடல் தெரியுமா தெரியாதான்னு அங்கயே முடிவு கட்டிடலாம். உயரமும் ஊருக்கு ஊர் மாறும். சீசைடு ஹைட்ஸ்ல 18 அடி, அட்லாண்டிக் சிட்டியில 14.75, மார்கேட்ல 12.75. பக்கத்து ஊர்ல இவ்ளோன்னு கேள்விப்பட்டு சண்டைக்குப் போகாதீங்க, உங்க ப்ராஜெக்ட் எதுன்னு பாத்துட்டு போங்க.

உயரத்துக்கு உச்சவரம்பு எழுதிக் குடுத்தா பாதுகாப்புன்னு சிலர் நினைக்கறாங்க. ஓஷன் சிட்டியில அதுதான் நடந்துச்சு. மேடு உங்க பல்க்ஹெட்டை (கரையோரத் தடுப்புச் சுவர்) விட மூணு அடிக்கு மேல போகாம பாத்துக்கறோம்னு டவுன் எழுதிக் குடுத்து ஈஸ்மென்ட் வாங்குச்சு. மணல் சேரச்சேர மேடு தானா வளந்துச்சு, அதுக்குள்ள மாநிலத்தோட கடலோரச் சட்டத்தை மாத்திட்டாங்க, பெர்மிட் இல்லாம மேட்டைக் குறைக்க முடியாது, டவுன் கை கட்டிப் போச்சு. கேஸ் நடந்து 2013-ல அப்பீல் கோர்ட் சொன்னது என்னன்னா, மேட்டை வெட்டச் சொல்ல முடியாது, ஆனா வாக்கு குடுத்தது குடுத்ததுதான், போன கடல் காட்சிக்கு நஷ்டஈடு குடுங்க, மேடு குடுக்கிற பாதுகாப்பையும் அதுல கழிச்சுக்குங்கன்னு. அதனால உயர வாக்குறுதி கிடைச்சா வாங்கிக்குங்க, இப்போ யாரும் லேசுல குடுக்க மாட்டாங்க, கிடைச்சாலும் அது மேட்டைக் குறைக்காது, பணமாத்தான் திரும்பி வரும்.

பணம்னு வந்ததால அதையும் சொல்லிடறேன். ஹார்வி சீடர்ஸ்ல 82 வீடுகள் கிட்ட ஈஸ்மென்ட் தேவைப்பட்டுச்சு, 66 பேர் சும்மா எழுதிக் குடுத்தாங்க, மிச்சம் 16 பேர் கிட்ட டவுன் கட்டாய நில எடுப்பு பண்ணுச்சு. அதுல ஒரு வயசான தம்பதிக்கு டவுன் குடுக்க வந்தது 300 டாலர். கடல் தெரியல, எங்க வீட்டு மதிப்பு போச்சுன்னு அவங்க கேஸ் நடத்தி ஜூரி 3,75,000 டாலர் குடுத்துச்சு. கடற்கரை முழுக்க அந்த நம்பர்தான் பேச்சு, எல்லாரும் கையெழுத்தை நிறுத்திட்டு கால்குலேட்டரை எடுத்துட்டாங்க. 2013 ஜூலைல மாநில சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ணிடுச்சு. மேடு வந்ததால வீடு புயல்ல இருந்து தப்பிக்கும், அதனால வாங்க வர்றவன் எவ்ளோ அதிகம் குடுப்பான்கிறதையும் ஜூரி கேக்கணும், காட்சி போனதை மட்டும் கேட்டா ஒருதலைப்பட்சம்னு. கடைசியில அந்தத் தம்பதி ஒரு டாலருக்கு செட்டில் பண்ணிக்கிட்டாங்க. ஒரே ஒரு டாலர். அதுக்கப்புறம் யாராவது உங்ககிட்ட வந்து ரெண்டு லட்சம் வாங்கித் தரேன்னு சொன்னா டீ குடுத்து அனுப்பிடுங்க. சக்தியை எல்லாம் அந்த மூணு படிக்கட்டுக்கும் நடைபாதைக்கும் செலவு பண்ணுங்க.

கையெழுத்தே போட மாட்டேன்னா என்ன ஆகும்? 2013 செப்டம்பர்ல கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி ஒரு உத்தரவு போட்டு கட்டாய எடுப்பு வேலையை முடுக்கி விட்டாரு, மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இருக்குன்னு 2017-ல அப்பீல் கோர்ட்டும் உறுதி பண்ணிடுச்சு. பே ஹெட்ல வீட்டுக்காரங்க சொந்தக் காசு போட்டு கல்சுவர் பலப்படுத்தியிருந்தாங்க, 1882-ல கட்டுன பழைய சுவர் ஒண்ணு அங்க மணலுக்கு அடியில புதைஞ்சு கிடந்து சாண்டிலதான் வெளிய தெரிஞ்சுது, எங்களுக்கு சுவரே போதும்னு கேட்டாங்க, கோர்ட்ல எடுபடல.

நடைமுறை இப்படி: மதிப்பீட்டாளர் வருவாரு, அவர் கூட நடந்து சுத்திக் காட்ட உங்களைக் கூப்பிடணும், கட்டாயம் போங்க, செருப்பு மணலாகும்னு பாக்காதீங்க, அவர் குறிச்சுக்கறதை நீங்களும் குறிச்சுக்குங்க. அப்புறம் சர்டிஃபைடு மெயில்ல எழுத்துமூலமா ஆஃபர், யோசிக்க குறைஞ்சது 14 நாள். ஒத்துக்கலைன்னா கோர்ட்ல மனு, மதிப்புத் தொகையை கோர்ட்ல கட்டிட்டு நிலத்துல வேலையை ஆரம்பிச்சிடுவாங்க, நீங்க தொகையைப் பத்தி மட்டும் பின்னாடி சண்டை போடலாம். தொகையை முதல்ல கோர்ட் நியமிக்கிற மூணு கமிஷனர்கள் சொல்வாங்க, அதுவும் பிடிக்கலைன்னா ஜூரி. உங்க வக்கீல் செலவு சாதாரணமா திரும்ப வராது, அவங்க கேஸை கைவிட்டாலோ தோத்தாலோதான் வரும். அதான் சொன்னேன், போடறதுதான் சரின்னு. மேடு எப்படியும் வரும். பேசி எழுதிக் குடுத்தா படிக்கட்டு உங்க பேச்சுல இருக்கும், கோர்ட் வழியா போனா அதுவும் இருக்காது.

பேசறப்போ என்னென்ன கேக்கலாம்? ஏற்கனவே இருக்கிற டெக், படிக்கட்டு, ஷவர், வேலி எதெல்லாம் கோட்டுக்குள்ள வருதோ அதை ஒவ்வொண்ணா பேர் சொல்லி விதிவிலக்குல சேக்கச் சொல்லுங்க, அந்த ஸ்டாண்டர்டு வாசகத்துலயே "இவை நீங்கலாக"ன்னு காலி இடம் ஒண்ணு இருக்கும். கோட்டை ரெண்டு அடி கடல் பக்கம் தள்ள முடியுமான்னு கேளுங்க, டிசைன் சரிவுக்கு வெளிய சும்மா சேத்து வச்சிருந்தா தள்ளுவாங்க. நடைபாதை யார் செலவு, முதல் தடவை அவங்க கட்டித் தருவாங்களா, மறுபடி மணல் போடறப்போ பிரிச்சா திரும்ப யார் மாட்டறது, இதை எழுத்துல வாங்குங்க. வேலை முடிஞ்சதும் தெருப்பக்கம் மெஷின் ஏறி உடைஞ்ச டிரைவ்வேயை சரி பண்றதையும்.

தண்ணியையும் கேளுங்க, இதை யாரும் கேக்கறதில்ல. 2017 கோடையில மார்கேட்ல மேடு போட்டுட்டிருந்தப்போ மழை பேஞ்சு, முன்னாடி கடலுக்கு ஓடிட்டிருந்த தண்ணி போக வழியில்லாம மேட்டுக்கும் பல்க்ஹெட்டுக்கும் நடுவுல குளமா நின்னுச்சு, சீசன் நேரத்துல. உங்க தெரு மழைத்தண்ணி எந்தக் குழாய் வழியா எங்க போகும்னு பிளான்ல விரல் வச்சுக் காட்டச் சொல்லுங்க.

கையெழுத்து சமாச்சாரம் சட்டுனு சொல்லிடறேன். பத்திரத்துல பேர் இருக்கிற எல்லாரும் போடணும், ஊர்ல இருக்கிற அப்பா பேர் சேத்திருந்தா அவரும். எல்எல்சி (ஒரு வகை கம்பெனி) பேர்ல வாங்கியிருந்தா யாருக்கு அதிகாரம்னு பேப்பர் வேணும். நோட்டரி முன்னாடி போட்டு கவுன்டி கிளார்க் ஆபீஸ்ல ரெக்கார்டு ஆகும். வீட்டு லோன் இருந்தா பேங்க்குக்கு முதல்லயே தகவல் சொல்லுங்க, பழைய மார்ட்கேஜ் ஈஸ்மென்ட்டை விட முன்னாடி நிக்கும், அதனால பேங்க்கும் ஒத்துக்கிட்டதா ஒரு தாள் கேக்கலாம், அதுக்கே மாசக்கணக்குல ஆகும். பணம் ஏதாவது கை மாறினா வரிக்கணக்கு பாக்கறவர் கிட்ட சொல்லிடுங்க.

இப்போ புதுசா கடற்கரை வீடு வாங்கறவங்களுக்கு: பெரும்பாலும் ஈஸ்மென்ட் ஏற்கனவே ஏறியிருக்கும். நம்ம ஊர்ல வில்லங்கம் போட்டுப் பாக்கற மாதிரி இங்க டைட்டில் ரிப்போர்ட்ல விதிவிலக்குன்னு ஒரு பட்டியல் வரும், அதுல ஒரே வரியா புத்தக எண், பக்க எண் மட்டும் இருக்கும். அந்தப் பக்கத்தை வாங்கிப் படிங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு க்ளோசிங் (வீடு கை மாத்தற கடைசி வேலை) பாத்த வக்கீல் அதெல்லாம் வழக்கமானதுன்னு புரட்டிட்டாரு, வாங்கினவர் ஸ்விம்மிங் பூல் போட நினைச்ச இடம் முழுக்க அந்தக் கோட்டுக்குள்ள. மேடு வந்தாச்சு, ஃப்ளட் இன்சூரன்ஸ் குறையும்னு யாராவது சொன்னா அதையும் நம்பாதீங்க, மணலைக் குவிச்சு செஞ்ச மேட்டுல பல வருஷம் புல்லு பிடிச்சு ஊனினாத்தான் ஃபீமா (அமெரிக்க அரசோட பேரிடர் ஏஜென்சி) அதைத் தடுப்பாவே கணக்குல எடுக்கும்.

வேலை நடக்கறப்போ ராத்திரி பகல் பாக்க மாட்டாங்க. கடல்ல கப்பல் நிக்கும், தடிக் குழாய் வழியா மணலும் தண்ணியும் சேந்து பீச்சுல கொட்டும், புல்டோசர் ரிவர்ஸ் எடுக்கற பீப் சத்தம் விடிய விடிய. ஒரு நேரத்துல ஆயிரம் அடி பீச்சை மூடுவாங்க, அப்புறம் அடுத்த துண்டு. கோடை வாடகைக்கு விடறவங்க டவுன் கிட்ட தேதி கேட்டுக்கிட்டு விடுங்க.

மணல் கொட்டி முடிச்சா மேடு முடிஞ்சுதுன்னு அர்த்தமில்ல, புல்லு பிடிக்கணும். அமெரிக்கன் பீச் கிராஸ்னு ஒரு புல்லு, அக்டோபர் நடுவுல இருந்து மார்ச் கடைசி வரைக்கும்தான் நடுவாங்க. நாங்க ஒரு நவம்பர் சனிக்கிழமை டவுன் கூப்பிட்டாங்கன்னு குடும்பத்தோட போனோம். ஒருத்தர் மண்வெட்டியைக் குத்தி முன்னும் பின்னும் ஆட்டி எட்டு இஞ்ச் ஆழத்துக்கு ஒரு பிளவு, இன்னொருத்தர் காஞ்ச வைக்கோல் மாதிரி இருக்கிற தண்டு ரெண்டை அதுல செருகணும், அப்புறம் குதிகாலால ஒரு அமுக்கு. ஒன்றரை அடிக்கு ஒண்ணு. என் பையன் "அப்பா இது செத்துப்போன புல்லு"ன்னு அடிச்சுச் சொன்னான், பாத்தா அப்படித்தான் இருக்கும். மே மாசம் போய்ப் பாத்தப்போ பச்சை கட்டியிருந்துச்சு. இந்தப் புல்லு மணல் மூட மூடத்தான் வளரும், நம்ம கடற்கரையில அடம்பங்கொடியும் ராவணன் மீசையும் செய்யற அதே வேலை. ஆனா மிதிச்சா தாங்காது, நாலு பேர் ஒரே தடத்துல நடந்தா அங்க புல்லு போகும், காத்து குடையும், அடுத்த புயல்ல உடைப்பு அங்கதான். அதனால குறுக்கு வழியில தாண்டாதீங்க, விருந்தாளிங்களுக்கும் சொல்லி வைங்க.

உங்க நிலம்தானேன்னு மேட்டுல நீங்களா கை வைக்காதீங்க. மணலை வழிக்கறது, காட்சிக்காக புல்லை வெட்டறது, வேலியை நகத்தறது எல்லாத்துக்கும் பெர்மிட் வேணும், அபராதம் உண்டு. மார்ச் நடுவுல இருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் பைப்பிங் ப்ளோவர்னு ஒரு குட்டிப் பறவை மணல்லயே முட்டை வைக்கும், அது இருந்தா அந்தப் பக்கம் வேலையே நிக்கும். மணல்ல தரையோட படர்ந்து சிவப்புத் தண்டோட ஒரு செடி பாத்தா பிடுங்கிடாதீங்க, அது சீபீச் அமராந்த், சட்டப்படி பாதுகாக்கப்பட்ட செடி. நம்ம தண்டுக்கீரைக்கு சொந்தக்காரங்கதான். என் மனைவி பாத்தவுடனே "கீரை"ன்னு குனிஞ்சுட்டாங்க, நான்தான் கையைப் பிடிச்சு நிறுத்தினேன்.

கடைசியா, புயலுக்கு அப்புறம் மேட்டோட கடல் பக்கம் கத்தியால வெட்டின மாதிரி செங்குத்தா நிக்கும், பாத்தா பயமா இருக்கும், ஆனா மேடு அதுக்குத்தான் இருக்கு, உங்க வீட்டுக்குப் பதிலா அது போகுது. வேலி ஓரமா ஒரே இடத்துல நின்னு வருஷத்துக்கு ரெண்டு போட்டோ எடுங்க, அக்டோபர்ல ஒண்ணு, ஏப்ரல்ல ஒண்ணு, அசையாத ஒரு கம்பம் ஃப்ரேம்ல வர்ற மாதிரி. மேடு தேஞ்சுதுன்னு டவுனுக்கு லெட்டர் போடறப்போ அந்த ரெண்டு போட்டோவையும் இணைச்சு, ஈஸ்மென்ட் ரெக்கார்டு ஆன புத்தக எண்ணையும் பக்க எண்ணையும் முதல் வரியிலயே எழுதிடுங்க. மச்சான் அப்படித்தான் அனுப்புவாப்ல, பதில் மூணே வாரத்துல வந்துடும்.